அறிவிப்புக்கு மூன்று நிமிடம்

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

இந்தத் தவக்காலம் முழுவதும் யாரைப் பற்றியும் குறை பேசுவதில்லை என்று தீர்மானம் செய்திருக்கிறேன். எழுதுவது பேச்சில் சேராது. ஆகவே இந்த டைரி.

நெற்றியில் சாம்பல் பூசும்போது ஃபாதர் கிளமென்ட் என் மூக்கிலும் கொஞ்சம் கொட்டிவிட்டார். வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார். வயது முப்பத்தெட்டு, கை வேகம் அதிகம்.

பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தேன். பங்குப் பேரவைச் செயலாளர் என்ற முறையில் பதினாறு வருடமாக இந்தக் கோயிலில் அறிவிப்பு வாசிப்பவன் நான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் முழுசாகச் சொல்லாவிட்டால் பின்னால் வில்லங்கம் வரும் என்பது எனக்குத் தெரியும். முன்னிருந்த சாமியார்கள் யாரும் குறுக்கிட்டதில்லை. கிளமென்ட் ஃபாதர் மட்டும் போன டிசம்பரில், நான் ஏழாவது அறிவிப்பில் இருக்கும்போது, "மதலைமுத்து சார், இனிமே மூணு நிமிஷத்துல முடிச்சிருங்க, சனங்களுக்குப் பசிக்கும்ல" என்று மைக்கை அணைக்காமலே சொன்னார். கோயிலே சிரித்தது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இன்று இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி.

பிப்ரவரி 18, ஞாயிறு

மாலையில் அவசரப் பேரவைக் கூட்டம். ஆயருக்கு யாரோ நம் ஃபாதரைப் பற்றி மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். அதன் நகலை அனுப்பி ஆயர் இல்லத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஃபாதரே எழுந்து நின்று வாசித்தார். தட்டச்சு, இரண்டு பக்கம். எழுதியவர் யாராக இருந்தாலும் நடை தெளிவாக இருந்தது. குற்றச்சாட்டுகளுக்கு வரிசை எண்கூடக் கொடுத்திருந்தார். மூன்றாவதை மட்டும் ஃபாதர் தாண்டிவிட்டார். தாண்டியது போல எனக்குத் தோன்றியது.

ஐந்தாவதுதான் வினையாகிவிட்டது. ஜனவரி முதல் வெள்ளி மாலை, நற்கருணை ஆராதனைக்கு மக்கள் முழந்தாளில் காத்திருக்க, பங்குத்தந்தை தம் அறையில் டிவி சத்தத்தை நிறுத்திவிட்டுக் கிரிக்கெட் பார்த்தார், பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தார், அதுவும் மறுஒளிபரப்பு என்று இருந்தது. ஃபாதர் அந்த இடத்தில் நிறுத்தி, "இது உண்மை. என்னை மன்னிக்கணும்" என்றார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

துணைத்தலைவர் கஸ்பார் மேசையைத் தட்டினார். ரைஸ் மில் வைத்திருப்பவர். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "சத்தம் இல்லாம வச்சிருந்தது, மறுஒளிபரப்புங்கிறதெல்லாம் உள்ள போயிப் பாத்தவனுக்குத்தான தெரியும்? அன்னைக்கு உள்ள போயி சாமியக் கூப்பிட்டது யாரு?"

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். உபதேசியார் சந்தியாகு டீத் தட்டோடு நின்றிருந்தார். மணியடிப்பது முதல் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது வரை கோயிலில் எல்லா வேலையும் அவர்தான் பார்க்கிறார். பதினெட்டு வருடமாகக் கோயிலுக்குப் பின்னால் உள்ள இரண்டு அறையில் மனைவியோடு குடியிருக்கிறார்.

"நாந்தான் போயிக் கூப்பிட்டேன் சாமி. ஆனா கடுதாசி நான் போடல."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றார் ஃபாதர்.

சந்தியாகு என்னைப் பார்த்தார். நான் மினிட் புத்தகத்தைப் பார்த்தேன்.

"இல்ல சாமி. யார்கிட்டயும் சொல்லல."

தீர்மானம்: மேலும் விசாரிப்பது. டீ ஆறிப்போயிருந்தது.

பிப்ரவரி 21, புதன்

ஜெசிந்தா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "பொங்கல் முடிஞ்ச மறுநாளே திண்டுக்கல்லுக்கு ஓடுனீங்களே, எதுக்கு?"

"கண்ணாடி பார்க்க."

"பழைய கண்ணாடியத்தான போட்டிருக்கீங்க."

"பார்க்கத்தான் போனேன், வாங்கப் போகவில்லை" என்றேன். மனைவிமார் தவக்காலத்தில் கேள்வி கேட்பதை விட்டுவிடலாம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

அறிவிப்பு: இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. சந்தியாகு மைக்கை என் உயரத்துக்குச் சரி செய்து வைத்திருந்தார்.

மார்ச் 3, ஞாயிறு

பேரவை கூடியது. கஸ்பார் அரை மணி நேரம் பேசினார். ஃபாதர் கடைசியில் தளர்ந்த குரலில், "கிரிக்கெட்டுக்காக நான் வருத்தப்படல. வீட்டுக்குள்ள நடக்கிறத வெளிய கொண்டுபோற ஒருத்தர நம்பி எப்பிடி இருக்கிறது?" என்றார். உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் சந்தியாகு வேலையை விட்டு, வீட்டையும் காலி செய்யவேண்டும் என்று முடிவாயிற்று.

நோட்டீஸை வரைந்தது நான். 'தங்களின் நீண்ட நாளைய சேவையைக் கருத்திற்கொண்டு' என்று தொடங்கி, காலக்கெடுவை மூன்றாம் வரியில் வைத்தேன். நல்ல வரைவு.

சந்தியாகு நின்றபடியே படித்தார். "நகல்ல எங்க சார் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். இடத்தைக் காட்டினேன்.

மார்ச் 7, வியாழன்

டைரியில் பொய் எழுதுவதில் பயனில்லை. கடிதம் நான் எழுதியது. திண்டுக்கல்லில் தட்டச்சு செய்து தபாலில் போட்டதும் நான்தான்.

அந்தக் கிரிக்கெட் சமாச்சாரத்தை ஜனவரியில் என்னிடம் சொன்னது சந்தியாகுதான். குற்றமாகச் சொல்லவில்லை. "மறுஒளிபரப்புன்னு தெரிஞ்சும் நகத்தைக் கடிச்சிட்டு உக்காந்திருக்காரு சார், சின்னப்புள்ள மாதிரி" என்று பாசமாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு வரிசை எண் கொடுத்தேன்.

ஆனால் இதற்கு ஒரு வழி இருக்கிறது. நாளை கோயிலில் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களைக் குருவிடம் சொல்லும் நாள். ஃபாதரிடமே போய்ச் சொல்லிவிட்டால் சந்தியாகு எழுதவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும், நடவடிக்கை நின்றுவிடும். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிரே போனாலும் வெளியே சொல்ல முடியாது என்பதால் என் பெயரும் வராது. இந்த யோசனை ஏன் முன்பே வரவில்லை என்று தெரியவில்லை.

மார்ச் 8, வெள்ளி

வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர். முழந்தாளிட்டு, கோபம், பொறாமை, காலை ஜெபத்தில் தூக்கம் எல்லாம் சொல்லி, நடுவில் கடிதத்தையும் சொன்னேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து போய்விட்டாரோ என்று நினைத்தேன்.

"இத ஏன் இங்க வந்து சொன்னீங்க?" என்றார் ஃபாதர். குரல் அவருடையது போலவே இல்லை. "வெளிய வந்து சொல்லியிருந்தா இந்த நிமிஷமே நோட்டீஸக் கிழிச்சிருப்பேன். இங்க கேட்டத வச்சு நான் ஒரு துரும்பக்கூட நகத்த முடியாது. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக்கூட முடியாது. அது உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். முதல் முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு இதை நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

"யாரோட பேரக் கெடுத்தீங்களோ, அந்தப் பேரத் திருப்பிக் குடுங்க. அதுதான் உங்க பரிகாரம். எப்பிடிங்கிறத நீங்களே பாத்துக்குங்க."

மார்ச் 9, சனி

சந்தியாகுவுக்காக மூன்று ஜெபமாலை சொன்னேன். பரிகாரம் நிறைவேறியதாகக் கொள்ளலாமா என்று தெரியவில்லை. நாளையும் மூன்று சொல்வதாக இருக்கிறேன்.

மார்ச் 13, புதன்

ஃபாதர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சமையல்கார அம்மா ஜெசிந்தாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னைக் கண்டால் முன்போலவே "வணக்கம் சார்" என்கிறார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாற்றம் காட்டக்கூடாது என்பது சட்டம். ஒரு முறையாவது முறைத்துத் தொலைத்தால் தேவலை என்றிருக்கிறது.

சந்தியாகுவைப் பார்க்கும்போதும் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். ஃபாதருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று ஊர் பேசுகிறது.

மார்ச் 17, ஞாயிறு

குருத்தோலைக் கணக்குக் கேட்க சந்தியாகு வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. மனைவி பாக்கியம் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறார்களாம், பஸ் போகாத இடம்.

"உக்காருங்கண்ணே, டீ போடுறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. டம்ளர் உள்ளே போய்விட்டது. கட்டிய சாக்கை அவிழ்த்து, அடியில் கைவிட்டு ஒரு டம்ளரைத் தேடி எடுத்து, கழுவி, டீ ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. எனக்கு அந்த இடத்தில் செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது.

இதுவரை ஜெபமாலை இருபத்தேழு. போதாது.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பவனி முடிந்து, ஆண்டவரின் பாடுகளின் வரலாறு வாசித்து, பூசை முடியப் பத்து மணி ஆகிவிட்டது. வியாழக்கிழமை பூசை நேரம், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை என்று எட்டு அறிவிப்பு வாசித்தேன். ஒன்பதாவதாக, "ஆயருக்குப் போன மொட்டைக் கடிதத்தை எழுதியவன் நான். உபதேசியார் சந்தியாகுவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை" என்று வாசித்தேன். தாளில் எழுதித்தான் வைத்திருந்தேன், இல்லாவிட்டால் வாய் வந்திருக்காது.

கோயிலில் ஓலை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கல்லாவது விழும் என்று எதிர்பார்த்தேன்.

கஸ்பார் எழுந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மைக்கை வாங்கி, கண்ணீர் வழிய, "பாத்தீங்களா மக்களே! ஒரு ஏழை குடும்பம் தெருவுக்கு வந்துரக் கூடாதுன்னு, செய்யாத தப்பத் தன் தலையில ஏத்துக்கிறாரு இந்த மனுசன்! ஆண்டவரு நமக்காகச் செஞ்சதும் இதத்தான?" என்றார்.

கை தட்டினார்கள்.

"இல்லை, நான்தான் எழுதினேன்" என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

கஸ்பார் பீடத்தைப் பார்த்துத் திரும்பினார். "சாமி, நீங்களே சொல்லுங்க. நம்ம சார் இப்பிடி எழுதுவாரா?"

ஃபாதர் பீடத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அதப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது" என்றார். அதற்கும் கை தட்டினார்கள்.

பிறகு கஸ்பாரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். என் முகத்துக்காகச் சந்தியாகுவுக்கு மன்னிப்பு. வேலையும் வீடும் நிற்கும். ஆனால் உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசையில் சந்தியாகு மைக் முன்னால் வந்து, எழுதியது தான்தான் என்று ஒப்புக்கொண்டு சபையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சனங்கள் சம்மதித்தார்கள். சந்தியாகு தூண் ஓரமாகக் குருத்தோலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் 26, செவ்வாய்

இரண்டு நாளாக வீட்டுக்கு ஆள் வந்தபடி இருக்கிறது. மரியாயின் சேனை என்ற பக்திச் சபையிலிருந்து நான்கு பெண்கள் வந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான்தான் எழுதினேன் என்று அவர்களிடமும் சொன்னேன். "இந்தத் தாழ்ச்சி யாருக்கு வரும்?" என்று ஒருத்தி அழுதாள். ஜெசிந்தா காபி கொடுத்தாள். டம்ளரை வைத்த வைப்பில் அவள் தாழ்ச்சியில் இல்லை என்று தெரிந்தது.

சாயங்காலம் கோயில் கிணற்றடியில் சந்தியாகுவைப் பிடித்தேன்.

"மன்னிப்பெல்லாம் கேட்காதீங்க. நீங்க எழுதலயே."

"அது எனக்குத் தெரியும் சார். முதல் நாளே தெரியும், யாரு எழுதினதுன்னும். நான் ஒருத்தர்கிட்டதான சொன்னேன்." வாளியைக் கீழே வைத்தார். "சாமியப் பத்தி வெளிய பேசுனது என் தப்பு. அதனால வாய மூடிட்டேன். நீங்களாச் சொல்லிருவீங்கன்னு பாத்தேன்."

"சொல்லிட்டேனே."

"சொன்னீங்க. யாரு நம்புனா? நீங்க சொல்லியே நம்பாதவங்க நான் சொல்லியா நம்பப் போறாங்க? பாக்கியத்துக்கு முட்டி வலி, அவ்வளவு தூரம் நடக்க மாட்டா. ரெண்டு வார்த்தை, கேட்டுட்டுப் போயிர்றேன்."

மார்ச் 28, பெரிய வியாழன்

இயேசு சீடர்களுக்குச் செய்தது போல ஃபாதர் பாதம் கழுவும் பன்னிரண்டு பேர் பட்டியலை வருடா வருடம் நான்தான் தயாரிப்பேன். இந்த முறை கஸ்பார் தன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை முதலில் எழுதிவிட்டார். மறுத்தேன். மறுக்க மறுக்க என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் போய் உட்கார்ந்தேன்.

ஃபாதர் மேலங்கியைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு என் முன்னால் முழந்தாளிட்டார். பக்கத்தில் சந்தியாகு செம்போடு. உலகத்திலேயே உண்மை தெரிந்த இரண்டு பேர். ஒருவர் பேசக்கூடாது, இன்னொருவர் பேசினால் எடுபடாது. ஒருவர் தண்ணீர் ஊற்றினார், ஒருவர் என் காலைக் கழுவினார்.

"சூடா இருக்கா சார்? வெந்நீர் கலந்திருக்கேன்" என்று சந்தியாகு மெதுவாகக் கேட்டார். போன வருடம் எனக்குக் காலில் குளிர் ஏறிக் கரண்டை வலி வந்தது. அதை நினைவு வைத்திருக்கிறார்.

ஃபாதர் துடைத்துவிட்டு, குனிந்து என் பாதத்தை முத்தி செய்தார். நிமிர்ந்தபோது ஒரு கணம் என்னைப் பார்த்தார். அதில் கோபமிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்துப் பின்வரிசைப் பெண்களும் அழுதார்கள்.

மார்ச் 30, சனி

காலையில் ஜெசிந்தா பூசைப் புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். என் கடிதத்தின் கையெழுத்து வரைவு. கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டிருந்தேன். எரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"யாரும் எடுத்துப் படிச்சிட்டா நம்ம மானம் போயிருமேன்னு அன்னைக்கு ஒளிச்சு வச்சேன்" என்றாள். "வியாழக்கிழமை அந்தச் சாமி உங்க காலப் புடிச்சத என்னால பாக்க முடியல. இனி இந்த மானம் எனக்கு வேண்டாம்."

திருத்தங்களோடு, அடித்தல்களோடு நான்கு பக்கம். அடித்த வரிகளைப் படித்துப் பார்த்தேன். இதை வாசித்தால் யாரும் கை தட்ட மாட்டார்கள்.

மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

பூசை முடிந்ததும் சந்தியாகு மைக்கை நோக்கி நடந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. பாக்கியம் முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் வேகமாக எழுந்து போய் அவருக்கு முன்னால் மைக்கைப் பிடித்தேன். கோயில் மறுபடியும் கை தட்டத் தயாரானது.

"இது அந்தக் கடிதத்தின் வரைவு. என் கையெழுத்து. அடித்த வரிகளோடு வாசிக்கிறேன்" என்றேன்.

அடித்த முதல் வரி: 'பதினாறு ஆண்டு அனுபவமுள்ள செயலாளரின் அறிவிப்பை மூன்று நிமிடத்துக்குச் சுருக்கி, சபை முன் அவமானப்படுத்தினார்.' இதை அன்று அடித்தது, என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் நம்பவில்லை.

அடித்த இரண்டாவது வரி: 'துணைத்தலைவர் கஸ்பாரின் பக்தியைவிட அவர் தொண்டை பெரிது. அவர் கோயிலுக்குக் கொடுத்த டியூப்லைட்டில் உபயம் என்று அவர் பெயர் எழுதியதில் வெளிச்சமே வருவதில்லை.'

எல்லோரும் அண்ணாந்து டியூப்லைட்டைப் பார்த்தார்கள். யாரோ சிரித்துவிட்டார்கள். கஸ்பார் சிரிக்கவில்லை. முகம் மெல்ல மெல்ல மாறியது. பிறகு, வாழ்நாளில் முதல் முறையாகத் தணிந்த குரலில், "இது சார் எழுதுனதுதான்" என்றார்.

அதன்பின் நம்பாதவர் யாரும் இல்லை. குற்றச்சாட்டுகளை வரிசைப்படி வாசித்தேன். மூன்றாவது ஃபாதரின் முடிச் சாயம் பற்றியது. அதை நான் தாண்டிவிட்டேன். ஐந்தாவதை வாசித்து, இதைச் சந்தியாகு என்னிடம் பிரியமாகச் சொன்னார், நான் அதைக் கத்தியாக்கினேன் என்றேன். நோட்டீஸை வரைந்ததும் நான்தான் என்றேன். மொத்தம் பதினொரு நிமிடம் ஆயிற்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஃபாதர் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். என்னைக் கடந்து போய்ச் சந்தியாகுவின் கையைப் பிடித்து, எல்லோரும் பார்க்க, "தப்பா நெனச்சிட்டேன், என்ன மன்னிச்சிருங்க" என்றார். மூன்று வாரம் அடைத்துவைத்த அழுகை அவருக்கு அங்கேயே வந்துவிட்டது. சனங்கள் சந்தியாகுவைச் சூழ்ந்துகொண்டார்கள். மினிட் புத்தகத்தையும் பேரவை முத்திரையையும் பீடத்துப் படியில் வைத்துவிட்டு நான் வெளியே வந்தேன். உயிர்ப்பு வாழ்த்து யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஜெசிந்தா மட்டும் கூட நடந்தாள். பாதி வழியில் என் குடையை வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் தனியாகச் சந்தியாகு வீட்டுக்குப் போனேன். சாக்குகளைப் பிரித்து, பாத்திரங்களைப் பழைய இடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சந்தியாகு வாசலுக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். வேறு வார்த்தை எதுவும் தயாரித்துக்கொண்டு போகவில்லை.

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிட்டேன்னு காலையில ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன் சார். அவரு கேட்டாரு, சொன்னேன். உங்ககிட்ட அதச் சொல்றதுக்கு எனக்குக் கொஞ்ச நாளாகும்."

எவ்வளவு நாள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.